நாற்றுக்கும் பத்தியம் உண்டு!

"டாக்டர், ஜன்னலோரத்துல தளதளன்னு வளர்ந்த தூதுவளை நாத்து. மாடிக்குக் கொண்டு போய் வெச்ச மறுநாளே சுருண்டு போச்சு. உரம் பத்தலையா?"

சளிக்குத் தூதுவளைத் துவையல் சாப்பிடச் சொல்லி அனுப்பினால், பலர் இந்தக் கேள்வியோடுதான் திரும்பி வருகிறார்கள். உரக் குறை இல்லை. குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி நேராக மத்தியான வெயிலில் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்!

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் விடுதி அறையில் 40 துளசி நாற்று வளர்த்தேன். ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் வெளியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வெளுத்துப்போய்க் காகிதம் மாதிரி கிடந்தன. மூலிகைத் தோட்டத்து வேலைக்காரப் பெரியவர் சிரித்தார். "தம்பி, நோயாளிக்கு மறுபத்தியம் படிக்கிறீங்களே, இதுக்கு வேண்டாமா?" என்றார்.

சரியான கேள்வி. மருந்து முடிந்த மறுநாளே நோயாளிக்கு எல்லாச் சாப்பாட்டையும் போடுவதில்லை. படிப்படியாகத்தான் பழக்குகிறோம். நிழலில் விட்ட இலை மெல்லியது. ஈரம் வெளியேறாமல் காக்கும் மேல்பூச்சும் அதில் குறைவு. வெயிலும் காற்றும் ஒன்றாகத் தாக்கும்போது வேர் இழுப்பதைவிட இலை இழப்பதே அதிகம். அப்போது மண் ஈரமாகவே இருந்தாலும் வாடும். நாமோ பதறிப்போய் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். வாடலோடு அழுகலும் சேர்கிறது.

அழுகல் என்றதும் ஒன்று. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து நாற்று சாய்ந்தால் அது பூஞ்சண நோய். அதைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கி எறியுங்கள். விதையை நெருக்கித் தூவாமல், கப்பின் அடியில் ஓட்டை போட்டு, காலையில் மட்டும் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் வராது.

நாற்று ஒல்லியாக நெட்டு நெட்டாக வளர்கிறதா? வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள். தினமும் இரண்டு வேளை, உள்ளங்கையால் நுனிகளை மெல்ல 10, 20 தடவை வருடிவிடுங்கள். விளையாட்டில்லை, காற்றில் ஆடும் செடியின் தண்டு தடிக்கிற அதே காரணம்தான்!

நாலைந்து இலை வந்தபின் பத்தியத்தைத் தொடங்கலாம். முதல் நாள் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம். அப்புறம் நிழல். தினமும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். உச்சிவெயிலைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து நாள் ஆகும். இந்த நாட்களில் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். யூரியா பக்கமே போகாதீர்கள், அது இலையை இன்னும் மெதுவாக்கிவிடும். மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் காற்று நேராக அடிக்காது. முக்கியமாக, கப்பைச் சிமென்ட் தரையில் வைக்காதீர்கள். தரைச் சூட்டில் வேர் வெந்துவிடும். ஒரு பலகை போதும். கத்திரி வெயில் காலமா? அவசரப்படாமல் ஆடி வரை பொறுங்கள்.

இலை கரும்பச்சையாகி, அடித்தண்டைத் தொட்டால் விறைப்பாக இருந்தால் நாற்று தயார். நடுவது சாயங்காலம்தான். ஒரு மணி நேரம் முன்பே கப்பை நனைத்து, வேர் மண் உடையாமல் எடுத்து நடுங்கள். மூன்று நாள் ஓலைக் கீற்று நிழல் கொடுங்கள்.

வைத்தியனாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எருவோடு வேறு விதைகளும் வந்து முளைக்கும். ஊமத்தையும் தூதுவளையும் ஒரே கத்தரிக் குடும்பம்தான். முளைக்கும் பருவத்தில் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஊமத்தை விஷம்! கொடியாக ஏறி, வளைந்த முள்ளும் ஊதாப் பூவும் வரும்வரை இலையைப் பறிக்காதீர்கள். அப்போதும் சந்தேகமா? ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் அருகிலுள்ள சித்த மருத்துவரிடம் காட்டிவிட்டு, அப்புறம் துவையல் அரையுங்கள்.