பிள்ளையிடம் கேட்கும் கேள்வி தமிழில் சரியாக இருக்கிறதா?

தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டறிய, அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தார் 2012-இல் நான்கே கேள்விகள் கொண்ட ஏ.எஸ்.க்யூ. என்ற வினாத்தாளை வெளியிட்டார்கள். மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்த 10 முதல் 21 வயது வரையான 524 பேரிடம் சோதித்ததில், ஆபத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 97 பேரை அது காட்டிக்கொடுத்தது. ஆனால் அது ஆங்கிலத் தாளின் கணக்கு. தமிழாக்கத்தைத் தனியாகச் சோதித்தே ஏற்க வேண்டும்.

ஏன்? மவுத்தை நினைவுகூர்வது நம்மிடம் நல்ல அமல். 'மரணத்தை நினைத்தாயா?' என்றால் மதரஸாவில் ஓதும் பிள்ளை 'தினமும்' என்றுதான் சொல்லும். 'செத்துப் போகலாம் போலிருக்கு' என்பதோ வீட்டுப்பாடம் கூடினாலே வாயில் வருவது. மறுபக்கம், தற்கொலை ஹராம் என்று அறிந்த பிள்ளை, எண்ணம் இருந்தும் பயத்தில் 'இல்லை' என்று மறைக்கும். முன்னதால் வீண் பதற்றம். பின்னதால் பிள்ளையையே இழக்க நேரும்.

ஆகவே தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். பிறகு பிள்ளைகளிடமே 'உனக்கு என்ன புரிந்தது?' என்று கேட்பார்கள். பண்டிதத் தமிழ் தோற்பது இங்கேதான். கடைசியில், மனநல மருத்துவர் தனியே பேசிக் கண்டதோடு விடைகளை ஒத்துப்பார்ப்பார்கள்.

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆய்வுகள் இதைத் தெளிவாக்கிவிட்டன. ஆனால் அத்தாவும் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல் கேட்க வேண்டும். 'ஆம்' என்று வந்தால் ஏசாதீர்கள். துஆ செய்யுங்கள், அதோடு விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.