நண்பகலில் வானவில் தோன்றுமா?

மழை ஓய்ந்த மாலையில் கீழ்வானில் வளைந்து நிற்கும் வானவில்லைக் கண்டு மகிழாதார் இல்லை. காலையிலும் மாலையிலும் தோன்றும் இவ்வில், நம் தமிழ்நாட்டு ஊர்களில் உச்சிப்பொழுதில் தோன்றுவதே இல்லை. மழையும் இருக்கும், வெயிலும் இருக்கும். வில்லை மட்டும் காணோம்! இதற்குக் காரணம் தேடினால் வானவில்லின் இயல்பு முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் ஒரே ஒரு மழைத்துளியை எடுத்துக்கொள்வோம். கதிரவனின் ஒளி துளிக்குள் நுழையும்போது திசை மாறுகிறது. இதுவே ஒளிவிலகல். பிறகு துளியின் பின்புறத்தில் பட்டுப் பிரதிபலித்துத் திரும்புகிறது; வெளியேறும்போது மீண்டும் விலகுகிறது. பின்புறத்தில் நிகழ்வது முழு அகப் பிரதிபலிப்பு என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. உருண்டையான துளிக்குள் வெளியிலிருந்து நுழைந்த கதிர், உள்ளே எந்தச் சாய்வில் செல்கிறதோ அதே சாய்வில்தான் பின்புறத்தையும் சந்திக்கும். நுழைய வழியிருந்த கதிருக்கு வெளியேறவும் வழியுண்டு. ஆகவே ஒளியின் பெரும்பகுதி அங்கேயே வெளியே போய்விடுகிறது. திரும்பி வரும் சிறு பகுதிதான் நமக்கு வில்லாகத் தெரிகிறது.

துளியின் வெவ்வேறு இடங்களில் படும் கதிர்கள் வெவ்வேறு கோணங்களில் திரும்புகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டவர் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட். 42 பாகையை அடுத்துக் கதிர்கள் நெருங்கிச் செறிகின்றன என்றும், அதற்கு அப்பால் செல்வதில்லை என்றும் 1637-இல் அவர் காட்டினார். நிறங்களின் காரணத்தை விளக்கியவர் நியூட்டன். வெள்ளொளி பல நிறங்களின் கூட்டு. ஒவ்வொரு நிறமும் நீரில் ஒவ்வோர் அளவு விலகுகிறது. அதனால் சிவப்பு 42 பாகையிலும், ஊதா ஏறத்தாழ 40½ பாகையிலும் செறிகின்றன. சிவப்பு வெளிவிளிம்பிலும் ஊதா உள்விளிம்பிலும் அமைவது இதனால்தான்.

ஒரே துளி எல்லா நிறங்களையும் ஒரே சமயத்தில் நம் கண்ணுக்கு அனுப்புவதில்லை. உயரத்தில் உள்ள துளி சிவப்பை அனுப்புகிறது. அது விழ விழ அதன் நிறம் நமக்கு மாறி, இறுதியில் ஊதாவாகிறது. அருகருகே நிற்கும் இருவரின் கண்களுக்கு ஒளி அனுப்பும் துளிகள் வேறு வேறு. எனவே அவரவர் காண்பது அவரவர் வானவில்லே!

இனி நம் கேள்விக்கு வருவோம். கதிரவனுக்கு நேர் எதிரே உள்ள புள்ளியே வானவில் வட்டத்தின் மையம். நம் தலையின் நிழல் விழும் திசை அதுதான். கதிரவன் அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகை ஏறுகிறதோ, அத்தனை பாகை இம்மையம் கீழே இறங்கும். கதிரவன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வில் முழுவதும் அடிவானத்தின்கீழ் மறைந்துவிடும்.

சென்னையின் அகலக்கோடு ஏறத்தாழ 13 பாகை. கதிரவன் மிகவும் தாழ்ந்து செல்லும் டிசம்பர் 22-ஆம் நாளையொட்டிக்கூட, அங்கு நண்பகலில் அது 53 பாகைக்கு மேல் நிற்கிறது. தெற்கே செல்லச் செல்ல இவ்வுயரம் இன்னும் கூடும். ஆகவே தமிழ்நாட்டின் எவ்வூரிலும், ஆண்டின் எந்த நாளிலும், நண்பகல் வானத்தில் வானவில் இல்லை.

நாம் பயிலும் தில்லியின் நிலை வேறு. இதன் அகலக்கோடு ஏறத்தாழ 28½ பாகை. தில்லிக்கு வந்த பிறகு இக்கணக்கைப் போட்டுப் பார்த்த நான் வியப்படைந்தேன். டிசம்பர் 22-இல் இங்கு நண்பகல் கதிரவனின் உயரம் 38 பாகைதான்! எஞ்சிய 4 பாகை உயரத்துக்கு வில் தலைகாட்ட இடமுண்டு. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை இவ்வாய்ப்பு நீடிக்கிறது.

நண்பர்களே, குளிர்கால மழை தூறும் நண்பகலில் வெயிலும் அடித்தால் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். மறைப்பில்லாத வெளியில் நின்று, கதிரவனுக்கு முதுகு காட்டி, வட அடிவானத்தைப் பாருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு மூன்று விரல் அகல உயரத்தில் ஒரு தாழ்ந்த நிறவளைவு தோன்றக்கூடும். நான் இன்னும் அதைக் கண்டதில்லை. முதலில் காண்பவர் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். நம் ஊரில் எவரும் காண முடியாத காட்சியல்லவா அது!