பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்கும் தம்பிக்கு

புது பெயிண்ட் அடித்த வண்டி பட்டறைக்குள் நிற்கும்போது குறையே தெரியாது. வெயிலுக்குத் தள்ளியதும் பானட்டிலும் கதவிலும் பட்டை பட்டையாக மெல்லிய கோடுகள் கிளம்பும். நாம் நகர்ந்தால் அவையும் கூடவே நகரும். பெயிண்டர் கை அதில் படவில்லை, வண்டிக்காரரும் காரணம் இல்லை. கடைசியாக மெஷின் பிடித்தவர் விட்டுப்போன தடம் அது. அதை எடுப்பதற்கும், முதலிலேயே விழாமல் பார்த்துக்கொள்வதற்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் கோடு எந்த வகை என்று பார். அழுக்குத் துணியால் துடைத்து விழுந்த கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். ஆனாலும் வெயில் விழும் புள்ளியைச் சுற்றி வட்டமாகத்தான் தெரியும், ஏனென்றால் வெளிச்சத்துக்குக் குறுக்கே இருக்கும் கீறல்கள்தான் மின்னும். மெஷின் தடம் அப்படி இல்லை. பேட் போன வழியிலேயே ஓடும். நாம் ஹாலோகிராம் என்று சொல்வது இதைத்தான். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் ஒரே திசையில் சுற்றுவதால், அதில் மாட்டிய கம்பளி பேட் வரிசையாக நுண்கோடுகளை இழுத்துவிடுகிறது. கறுப்பு வண்டியில் கண்ணைக் குத்தும். வெள்ளையிலும் சில்வரிலும் சட்டென்று தெரியாது, ஆனால் இருக்கும்.

2. பெயிண்ட் காயாமல் மெஷினைத் தொடாதே. 2கே கிளியர் கோட் ஹார்டனரோடு சேர்ந்து இறுக வேண்டும். பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வேக வைத்ததும் காற்றில் ஆறியதும் ஒன்றல்ல. எவ்வளவு நேரம் கழித்துப் பாலிஷ் போடலாம் என்று பெயிண்ட் கம்பெனியின் தகவல் தாளிலேயே இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் படி. அவசரப்பட்டால் உள்ளே தங்கிய தின்னர் பிறகு மெல்ல வெளியேறும்போது மேல்பரப்பு சுருங்கும். இன்று மறைந்த வாட்டர் பேப்பர் கோடு பத்து நாளில் திரும்பத் தெரியும்.

3. கிளியர் கோட்டின் கனத்தை மனதில் வைத்துக்கொள். கம்பெனி வண்டியில் அது ஏறக்குறைய 40 முதல் 60 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பட்டறையில் அடித்தது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் தூசி மணியை எடுக்க 1500, 2000 பேப்பர் போட்டபோதே அதில் ஒரு பங்கு போயிருக்கும். வெயிலிலிருந்து கலரைக் காப்பாற்றுவது அந்தப் படலம்தான். மிச்சம் இருப்பது வண்டிக்காரரின் சொத்து. கோடு போக வேண்டும், படலம் தங்க வேண்டும். இந்த வேலையின் கஷ்டமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அளக்கும் கருவி பட்டறையில் இருந்தால் அளந்துவிட்டு ஆரம்பி. கிளியர் இல்லாத பழைய முறை பெயிண்ட் என்றால் பேட்டில் கலரே ஒட்டும், அதைப் பார்த்துப் பயப்படாதே.

4. ஓரங்களுக்கும் பாடி லைனுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டு. மேடான முனையில் பெயிண்ட் மெலிசாகத்தான் நிற்கும், மெஷின் இரண்டு நொடி தங்கினால் பிரைமர் தெரிந்துவிடும். அந்த டேப் வந்த கதை இது: 1920களில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில், வாட்டர் பேப்பரைச் சோதித்துப் பார்க்கக் கார் பட்டறைக்குப் போய்வந்தவர் 3எம் கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ. இரண்டு கலர் அடிக்கும் பெயிண்டர்கள் ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கும்போது பெயிண்டும் உரிந்து வருவதைப் பார்த்தார். 1925-ல் அவர் செய்து கொடுத்ததுதான் மாஸ்கிங் டேப். இன்று எங்கெங்கோ பயன்படுகிறது. பிறந்தது நம்மைப் போன்றவர்களின் பட்டறைத் தேவையில். அதை ஒட்டச் சோம்பல்படாதே.

5. ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள். மூக்குக்கு மாஸ்க் போடு.

6. முழு வண்டியிலும் இறங்குவதற்கு முன் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சோதித்துப் பார். இருப்பதிலேயே மென்மையான ஃபோம் பேட், நைசான பாலிஷ், இதிலிருந்து தொடங்கு. போதவில்லை என்றால் ஒரு படி மேலே போ. நம் ஆட்கள் பலர் நேரே ரப்பிங் காம்பவுண்டையும் கம்பளியையும் எடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கம்பளி போட்ட தடத்தை எடுக்க மறுபடியும் கம்பளியா? முக்கால்வாசி ஹாலோகிராம் நைசான பாலிஷிலேயே போய்விடும்.

7. முடிக்கும் சுற்றுக்கு டிஏ (டூயல் ஆக்ஷன்) மெஷின் எடு. அதன் பேட் சுழன்றுகொண்டே அச்சை விட்டு விலகியும் ஆடுவதால் ஒரே திசையில் கோடு விழாது. பேட் பிடிக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வை. ஓடும்போது அந்தக் கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் நீ அதிகமாக அழுத்துகிறாய், பேட் சுற்றவில்லை. மெஷினின் எடையே பெரும்பாலும் போதும். கையை மெதுவாக நகர்த்து, ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும், நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. டிஏ இல்லாத பட்டறையில் ரோட்டரியிலும் முடிக்கலாம். மென்மையான ஃபோம், குறைந்த வேகம், பேட் தட்டையாகப் படிந்த நிலை, இத்தனையும் வேண்டும். பம்பர் பிளாஸ்டிக், சூடு அதில் பரவாது. புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பார், சுட்டால் விடு.

8. பேட்டைச் சுத்தம் செய். மிளகாய் அரைத்த அம்மியைக் கழுவாமல் யாரும் தேங்காய் அரைப்பதில்லை. காய்ந்த காம்பவுண்டும் அரைபட்ட கிளியரும் பேட்டில் கெட்டியாகி, அதுவே புதிய கோடு போடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ் போடு. தரையில் விழுந்த பேட்டை அன்றைக்கு மறந்துவிடு.

9. மறைக்காதே. எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸ், கோடுகளுக்குள் இறங்கி உட்கார்ந்து, வண்டியைக் கொடுக்கும் நாளில் பளபளப்பைக் காட்டும். நாலு முறை கழுவினால் எண்ணெய் போய்விடும், கோடு திரும்பி வரும், அப்போது நீ பக்கத்தில் இருக்கமாட்டாய். அதனால் ஒவ்வொரு பகுதியையும் தண்ணீர் அதிகம் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மெல்லத் துடைத்துவிட்டுப் பார். எண்ணெய் விலகிய பெயிண்டில் தெரிவதுதான் உன் வேலை. சிலிக்கோன் கலந்த பாலிஷைப் பெயிண்ட் அடிக்கும் இடத்துக்குள்ளேயே கொண்டுவராதே. அது எங்காவது ஒட்டிக்கொண்டால் அடுத்த வண்டியில் பெயிண்ட் விலகி ஃபிஷ் ஐ குழிகள் விழும். அந்தப் பழி பெயிண்டர் தலையில் விழுவதைப் பார்த்து நான் வேதனைப்பட்டிருக்கிறேன்.

10. நிழலில் வேலை செய், வெயிலில் சரிபார். டியூப் லைட்டின் பரவலான வெளிச்சம் கோட்டைக் காட்டாது. இரவு வேலை என்றால் ஒரு சின்ன எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்.

11. வண்டியைக் கொடுக்கும்போது வண்டிக்காரரையும் வெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டு. மெழுகோ செராமிக்கோ இப்போதே வேண்டும் என்று கேட்பார். பெயிண்ட் கம்பெனி சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் 30 முதல் 90 நாள், பொறுக்கச் சொல். காலையில் ஒரே வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாக அபார்ட்மென்ட் வண்டி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகிறவரிடம் தன் வண்டிக்குத் தனித் துணி கொடுக்கச் சொல். தூசி மேல் நேரே துணி வைக்காமல், முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கச் சொல். இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார். பில்லுக்குப் பின்னால் எழுதிக் கொடு.