கீழ் டிவிஷன்களின் கோல் மன்னர் – ஆர்தர் ரௌலி

கால்பந்து என்றவுடன் நம்மில் பலருக்கும் பீலேயின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். இங்கிலாந்தைப் பற்றிப் பேசினால் பாபி சார்ல்டன், ஜார்ஜ் பெஸ்ட் என்று சிலர் அடுக்குவார்கள். ஆனால் அந்நாட்டு லீக் ஆட்டங்களில் மிக அதிகமான கோல்களை அடித்தவர் யார் என்று கேட்டால் விளையாட்டுப் பிரியர்களே விழிப்பதைக் கண்டிருக்கிறேன். அவர் பெயர் ஆர்தர் ரௌலி. 619 ஆட்டங்கள், 434 கோல்கள். இந்த எண்ணை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

இதை விடுதியில் ஒரு நண்பரிடம் சொன்னபோது, "அவற்றில் முதல் டிவிஷனில் அடித்தவை எத்தனை?" என்று கேட்டார். 51 என்றேன். "பின் என்னப்பா! மற்றதெல்லாம் ஒரு கோலா?" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் லீக்கின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். 1888இல் பன்னிரண்டு கழகங்களுடன் தொடங்கிய இங்கிலாந்து லீக், படிப்படியாக வளர்ந்து நான்கு அடுக்குகளில் 92 கழகங்களைக் கொண்டதாயிற்று. நான்காம் டிவிஷன் என்பது 1958இல்தான் தோன்றியது. அதுவரை மூன்றாம் டிவிஷன், வடக்கு தெற்கு என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஆண்டு முடிவில் மேல் அடுக்கில் கடைசி இடங்களுக்கு வருவோர் கீழே இறங்குவர். கீழ் அடுக்கில் முன்னணியில் நிற்போர் மேலே ஏறுவர். சின்னஞ்சிறு ஊர்க் கழகமும் ஒரு நாள் உச்சிக்குப் போகலாம் என்பது ஏற்பாடு.

ரௌலி 1926ஆம் ஆண்டு வுல்வர்ஹாம்ப்டன் நகரில் பிறந்தவர். அண்ணன் ஜாக் ரௌலி மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர், 1948 கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்டவர், இங்கிலாந்துக்காகவும் ஆடியவர். தம்பிக்கோ இங்கிலாந்தின் முழு அணியில் ஒரு முறைகூட இடம் கிடைக்கவில்லை.

உலகப் போரால் 1939 முதல் 1946 வரை லீக் ஆட்டங்கள் நடைபெறவில்லை. ஆகவே இருபது வயதில்தான் அவருடைய லீக் கணக்கு தொடங்குகிறது. முதல் கழகமான வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் 24 ஆட்டங்களில் நான்கே கோல்கள்! பெரிய வருங்காலம் இருப்பதாக எவரும் எண்ணியிருக்க முடியாது. 1948இன் இறுதியில் லண்டனிலுள்ள புல்ஹாம் கழகத்துக்கு மாறினார். மாறிய அந்தப் பருவத்திலேயே 19 கோல்களை அடித்தார். புல்ஹாம் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

1950இல் லெஸ்டர் சிட்டிக்கு வந்த பிறகே அவருடைய பொற்காலம். எட்டுப் பருவங்களில் 303 ஆட்டங்கள், 251 கோல்கள். பருத்த உடல், ஓட்டத்தில் பெரிய வேகமும் இல்லை. ஆனால் இடது காலால் உதைத்தால் பீரங்கிதான். 'பீரங்கிக்காரர்' என்னும் பொருளிலேயே ரசிகர்கள் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டினர். 1956–57ஆம் பருவத்தில் மட்டும் 44 கோல்கள். லெஸ்டர் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு முதல் டிவிஷனில் ஆடியபோதும் இருபது கோல்கள் அடித்தார். மேல் டிவிஷனில் அவர் பருப்பு வேகாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் 1958இல், முப்பத்திரண்டு வயதில், லெஸ்டர் அவரை அனுப்பிவிட்டது. அவர் சென்ற இடம் ஷ்ரூஸ்பரி டவுன். ஆட்டக்காரரும் அவரே, மானேஜரும் அவரே. அது புதிதாய்ப் பிறந்த நான்காம் டிவிஷனின் முதல் ஆண்டு. ரௌலி 38 கோல்கள் அடிக்க, ஷ்ரூஸ்பரி ஒரே ஆண்டில் மூன்றாம் டிவிஷனுக்கு உயர்ந்தது. 1960–61இல் லீக் கோப்பைப் போட்டி முதன்முறையாக நடந்தபோது, முதல் டிவிஷனைச் சேர்ந்த எவர்ட்டனையே தோற்கடித்து அரையிறுதி வரை சென்றது இச்சிறு கழகம்.

அதே பருவத்தின் இறுதியில்தான் டிக்ஸி டீனின் 379 கோல் சாதனையை ரௌலி கடந்தார். டீன் எவர்ட்டனின் மாபெரும் வீரர். அவருடைய சாதனையை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த 379இல் 27 கோல்கள் மூன்றாம் டிவிஷனில் டிரான்மியருக்காக அடித்தவை. 39 கோல்கள் எவர்ட்டன் இரண்டாம் டிவிஷனில் கிடந்த 1930–31ஆம் ஆண்டில் அடித்தவை. டீனுக்கு அவற்றைக் கணக்கில் சேர்க்கலாம், ரௌலிக்குச் சேர்க்கக் கூடாது என்பது என்ன நியாயமோ?

இன்னொன்றையும் நோக்க வேண்டும். அக்காலத்தில் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1901இல் வாரம் நான்கு பவுன் என வகுக்கப்பட்ட அது, ரௌலி ஷ்ரூஸ்பரிக்கு வந்தபோது இருபது பவுன். உச்சியிலிருந்த கழகமும் அதற்குமேல் சட்டப்படி கொடுக்க முடியாது. எனவே கீழ் டிவிஷனில் திறமைசாலி ஒருவர் தங்கிவிடுவது இன்றுபோல் அதிசயமன்று. மேலும், ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகம் விடுவித்தாலன்றி ஆட்டக்காரர் வேறிடம் போக முடியாத விதியும் இருந்தது. ஏறக்குறைய பண்ணையாள் முறை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யத் துணிந்ததால் 1961 ஜனவரியில் உச்சவரம்பு ஒழிந்தது. சிறிது காலத்தில் புல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் நூறு பவுன் பெற்றார். 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்டம் தொடுத்த வழக்கில், பிடித்து வைக்கும் அவ்விதியும் நியாயமற்றது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் வந்தபோது ரௌலிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

ஷ்ரூஸ்பரியின் ஆட்டத்திடல் செவர்ன் ஆற்றங்கரையில் இருந்தது. ஓங்கி உதைத்த பந்து ஆற்றில் விழுந்தால் பரிசலில் சென்று எடுத்துவர ஓர் ஆள் உண்டாம். அத்திடலைக் கழகம் 2007இல் விட்டுவிட்டது. ரௌலி 1965 வரை அங்கே ஆடி மேலும் 152 கோல்களைச் சேர்த்தார். 1968 வரை மானேஜராகவும் இருந்தார். பின்னர் ஷெஃபீல்டு யுனைடெட், சவுத்தெண்டு யுனைடெட் கழகங்களை நடத்தினார். 2002 டிசம்பரில் காலமானார்.

முதல் டிவிஷனில் மட்டும் 357 கோல் அடித்த ஜிம்மி கிரீவ்ஸையும் ரௌலியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கிரீவ்ஸ் 516 ஆட்டங்களில் அடித்தார். பத்து ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஏழு கோல். ரௌலிக்கும் அதே ஏழு. கணக்கை எழுதி நண்பரிடம் காட்டினேன். தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "இருந்தாலும் கிரீவ்ஸ் அடித்தது முதல் டிவிஷனில் அல்லவா?" என்றார். இரவு உணவு மணி அடித்துவிட்டது. விவாதம் நாளையும் உண்டு.