வயிறு மாறிய பின் ஒற்றைத் தலைவலி

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. காய்ச்சலையாவது பிறர் தொட்டுப் பார்த்து அறியலாம். தலைவலியைச் சொன்னால்தான் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பைக் கொண்டே கற்றேன். பயின்ற காலத்தில் நான் செயலவையில் பணியாற்றிய கழகத்தின் ஆண்டிதழ் இது. இதன் வழியாக அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் மருத்துவர் அல்லேன். இடைநிலைப் பள்ளி ஆசிரியை. பதினேழு வயது முதல் ஒற்றைத் தலைவலியோடு வாழ்பவள். 2021-ஆம் ஆண்டின் இறுதியில், 112 கிலோ எடையோடு, எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவள். இவ்விரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது மருந்தை எவ்வாறு கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது மாணவர்களுக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்த அறுவையைச் செய்துகொண்டவர் உங்கள் அம்மாவாகவோ அக்காவாகவோ அறைத் தோழியாகவோ இருக்கலாம். அவருக்குத் தலை வலிக்கிறது என்றால் மாத்திரையை நீட்டப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.

ஒற்றைத் தலைவலியும் எடையும்

ஒற்றைத் தலைவலி என்பது சாதாரணத் தலைவலி அன்று. மூளை நரம்புகளைச் சார்ந்த ஒரு நோய். கவனிக்காமல் விட்டால் ஒரு தாக்குதல் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்விண் என்று துடிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் ஆகாது. சிலருக்கு வலி தொடங்கும் முன்பே கண்முன் மின்னும் கோடுகள் தோன்றும். ஆண்களைக் காட்டிலும் பெண்களை இது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. கலையிரவுக்கு முதல் நாள் ஒத்திகையில், மேடை விளக்குக்கு முகம் கொடுக்க முடியாமல், உடைகள் வைக்கும் அறையின் இருட்டில் நான் சுருண்டு படுத்துக்கிடந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

உடற்பருமன் உடையவர்களுக்கு இத்தாக்குதல் அடிக்கடி வரும் வாய்ப்பு கூடுதல். அப்படியானால் எடை குறைந்தால் வலியும் குறையுமா? 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட 24 ஒற்றைத் தலைவலி நோயாளிகளைக் கவனித்தது. அறுவைக்கு முன் 90 நாள்களில் சராசரியாக 11 நாள்கள் இருந்த தலைவலி, ஆறு மாதத்திற்குப் பின் ஏறக்குறைய 7 நாள்களாகக் குறைந்தது. ஆய்வு சிறியதுதான், ஆயினும் நம்பிக்கை தருவது. குறைந்தது என்றுதான் அது சொல்கிறது. மறைந்தது என்று சொல்லவில்லை. ஆகவே, அறுவைக்குப் பிறகும் மருந்துப் பெட்டி வேண்டியிருக்கிறது. அதில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதே கேள்வி.

அறுவை எதை மாற்றுகிறது?

எடைக்குறைப்பு அறுவைகளுள் இரண்டு வகை பரவலாகச் செய்யப்படுகின்றன. ஒன்று 'ஸ்லீவ்' அறுவை. இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படும். மற்றொன்று 'பைபாஸ்' அறுவை. இதில் இரைப்பையின் மேற்பகுதியில், சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பை அமைக்கப்படும். சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டிய ஓரிடத்தில் குடலை வெட்டி, அந்தப் பையோடு இணைப்பார்கள். எனக்குச் செய்தது இரண்டாவது வகை.

மருந்து உண்பவர் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, அந்த இணைப்பிடம். குடலின் உட்சுவர், இரைப்பையின் அமிலத்தைத் தாங்கிப் பழகியதன்று. ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகிய வலிநிவாரணிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வலியை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பைக்கும் குடலுக்கும் பாதுகாப்பு அளிக்கும் சளிப்படலத்தையும் காத்து வருகிறது. அதைத் தடுத்தால் வலி போகும், காவலும் போகும். இணைப்பிடத்தில் புண் உண்டாகும். அதனால்தான் பைபாஸ் செய்தவர்கள் இக்குடும்ப மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஊசியாகப் போட்டால் வயிற்றில் படாதே!" என்று நினைக்கிறோம். இம்மருந்துகள் இரத்தத்தின் வழியாகச் சென்றே காவலைக் குலைக்கின்றன. எனவே ஊசியாக வந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

இரண்டாவது, மருந்து உடலில் சேரும் வழி. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட நீண்டநேர மாத்திரைகளுக்கும், குடலில் மட்டுமே கரையும் உறையிட்ட மாத்திரைகளுக்கும் நீண்ட பாதை தேவை. பாதை குறுகிவிட்டால் அவை முழுமையாகச் சேராமலே வெளியேறலாம். இத்தகைய மாத்திரைகளைத் தாமாகப் பொடித்து உண்பதும் தவறு. நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வேறு வடிவம் உண்டா என்று மருந்தாளரைக் கேட்பதே முறை.

நான் நிரப்பாத கட்டம்

இவையெல்லாம் மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போது எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அறியாமையால் நான் பிழை செய்யவில்லை, வெட்கத்தால் செய்தேன்.

அறுவை செய்துகொண்டதை என் பெற்றோரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. "வாயைக் கட்ட முடியாதவர்கள் செய்யும் குறுக்குவழி" என்று ஒரு திருமண வீட்டில் யாரோ பேசியது என் காதில் விழுந்திருந்தது. எடை குறைவதைப் பார்த்துக் கேட்டவர்களிடம், "நடைப்பயிற்சி செய்கிறேன், சோற்றைக் குறைத்துவிட்டேன்" என்றேன். அதற்குக் கிடைத்த பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

2022 தீபாவளிக்கு மறுநாள் கடுமையான தாக்குதல். சின்னம்மா என்னை ஒரு கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றார். பதிவுத் தாளில் 'முன்பு செய்துகொண்ட அறுவைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. சின்னம்மா என் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. மருத்துவர் கேட்டபோதும் "ஒன்றுமில்லை" என்றேன். எதையும் அறியாத அவர் ஒரு வலிநிவாரண ஊசி போட்டு, ஐந்து நாள்களுக்கு மெஃபனாமிக் அமில மாத்திரைகளைக் கொடுத்தார்.

விடுதியில் மாதவிலக்கு வலிக்கு நாங்கள் கைமாற்றிக்கொண்ட அதே மஞ்சள் மாத்திரைதான். வலி நன்றாகவே அடங்கியது. அதுதான் வினையாயிற்று. அடுத்த ஆறு வாரங்களில் தலை வலித்த போதெல்லாம் அதையே வாங்கி உண்டேன். மேல்வயிற்றில் எரிச்சல் வந்தது. காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணினேன். மலம் தார்போலக் கறுத்தது. இரும்புச்சத்து மாத்திரையால் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு காலை ஆசிரியர் அறையில் மயங்கி விழுந்தேன்.

மருத்துவமனையில் என் ஹீமோகுளோபின் அளவு 6.8 என்றார்கள். இரண்டு பை இரத்தம் ஏற்றப்பட்டது. உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்தபோது, சரியாக அந்த இணைப்பிடத்தில் புண் கசிந்துகொண்டிருந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை, அதன் உறையைத் திறந்து துகள்களாக, மாதக்கணக்கில் உண்டேன். புண் ஆறியது.

கட்டிலருகே சின்னம்மா அமர்ந்திருந்தார். அன்றுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "இதைக் கிளினிக்கிலேயே சொல்லியிருந்தால் நானே டாக்டரிடம் சொல்லியிருப்பேனே, அம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வலி வந்ததும் எடுக்கும் மருந்து

பிறகு நரம்பியல் மருத்துவர் ஒருவர் என் மருந்துகளைப் புதிதாக ஒழுங்குபடுத்தினார். அவற்றின் பின்னுள்ள காரணங்கள் எல்லாருக்கும் பயன்படும். மருந்தின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை அவரவர் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இணைப்பிடத்திற்குக் கேடு செய்யாத முதல் மருந்து பாராசிட்டமோல். நாம் 'பனடோல்' என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். வயது வந்தவர் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறையும். சளிக் காய்ச்சல் மருந்துகளிலும் இது கலந்திருப்பதால் உறையைப் படித்துக் கணக்கிட வேண்டும்.

அது போதாதபோது 'ட்ரிப்டான்' வகை மருந்துகள் உள்ளன. சுமாட்ரிப்டான் அவற்றுள் ஒன்று. இவை ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்டவை. மேற்சொன்ன புண் உண்டாக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. வலி முற்றுவதற்கு முன்பே எடுத்தால் பலன் அதிகம். ஆனால் இவை இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மையுடையவை. இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகா. தாக்குதலின்போது இரைப்பையின் இயக்கமே மந்தமாகிவிடும், வாந்தியும் வரும். அத்தகையவர்களுக்காக மூக்கில் தெளிப்பதும் தோலடியில் போடும் ஊசியும் இவ்வகையில் உள்ளன. குமட்டலை நிறுத்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

இங்கேயும் ஓர் எல்லை இருக்கிறது. பாராசிட்டமோலை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, ட்ரிப்டானை 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வாரத்தில் இரண்டு நாள்களுக்கு மேல் வலிமருந்து தேவைப்பட்டால் உடனே வந்து பார்க்குமாறு என் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நெற்றியில் கோடாலித் தைலம் தடவி இருட்டறையில் படுப்பதில் தவறில்லை. நானும் செய்கிறேன்.

வராமல் தடுக்கும் மருந்து

அடிக்கடி தாக்குதல் வருபவர்களுக்கு நாள்தோறும் உண்ணும் தடுப்பு மருந்துகள் உள்ளன. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அறுவை செய்தவருக்கு இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் தனிக் கவனம் தேவை.

அமிட்ரிப்டிலின், வால்புரோயேட், ஃபுளுனாரிசின் ஆகியவை எடையைக் கூட்டக் கூடியவை. டோபிரமேட் எடையைக் குறைக்கும். கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அது சிறுநீரகக் கல்லை உண்டாக்கலாம். பைபாஸ் அறுவையும் அதே வாய்ப்பைக் கூட்டுகிறது. கருவில் உள்ள குழந்தைக்கு டோபிரமேட், வால்புரோயேட் இரண்டுமே கேடு செய்யும். புரொப்ரனோலோல் பழைய, நம்பத்தக்க மருந்து. எனினும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. எடை குறையும்போது இரத்த அழுத்தமும் இறங்குவதால் தலைசுற்றல் வரலாம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் தோன்றும் படபடப்பையும் அது மறைத்துவிடும்.

2018-இல் அமெரிக்காவில் எரெனுமாப் என்னும் ஊசிமருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மாதம் ஒரு முறை தோலடியில் போடுவதால் குடலின் வழியே சேர வேண்டிய தேவை அதற்கு இல்லை. விலைதான் அதிகம்.

எனக்குக் குறைந்த அளவு புரொப்ரனோலோல் ஒத்துக்கொண்டது. மாதத்தில் எட்டு ஒன்பது நாள்கள் வந்த வலி இப்பொழுது மூன்று நாள்களாகியுள்ளது.

தண்ணீரும் உணவும்

அறுவை முடிந்த முதல் மூன்று மாதங்கள் என் தலைவலி குறையவில்லை, கூடியது. காரணம் எளியது. ஒரு மடக்குக்கு மேல் குடிக்க முடியாததால் நீர் குறைந்தது. பசியே எடுக்காததால் உணவு வேளை தவறியது. நாள்தோறும் மூன்று குவளை குடித்துப் பழகிய கோப்பியைத் திடீரென்று நிறுத்தினேன். மூன்றுமே தலைவலியைத் தூண்டக் கூடியவை. இப்போது பாட்டிலைக் கையில் வைத்து நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கிறேன். பசி இல்லாவிட்டாலும் மணி பார்த்து உண்கிறேன். தைப்பூசத்திற்கு மரக்கறி உணவோடு விரதத்தை வைத்துக்கொண்டேன், பட்டினி கிடப்பதில்லை.

ஒரு 555 புத்தகம் வாங்கினேன். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சிறு புத்தகம்தான். தேதி, வலி தொடங்கிய நேரம், அதற்கு முன் உண்டது, எடுத்த மருந்து ஆகிய நான்கையும் குறிக்கிறேன். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்

திடீரென இடி இறங்கியது போன்ற வலி. கை கால் தளர்வு, பேச்சுக் குழறல். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவைக்குப் பின் பல நாள் வாந்தி எடுத்தவருக்குக் குழப்பம், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம் தோன்றினால், அது வைட்டமின் பி1 குறைபாடாக இருக்கலாம். தாமதித்தால் மூளைக்கு நிலையான கேடு நேரும்.

நிறைவாக

என் பணப்பையில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. செய்த அறுவை, ஆண்டு, எடுக்கக் கூடாத மருந்துகள் ஆகியவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். எந்தக் கிளினிக்கானாலும் மருந்தகமானாலும் முதலில் அதை எடுத்து வைக்கிறேன்.

இளவல்களே, நீங்களும் ஒன்று செய்யலாம். விடுதியில் தலைவலி என்று ஒரு தோழி வந்தால், மாத்திரையை நீட்டுவதற்கு முன், "வயிற்றில் ஏதேனும் அறுவை செய்திருக்கிறாயா?" என்று தனியே கேளுங்கள். அவள் "ஆம்" என்றால், எடையைப் பற்றி மேலும் ஒரு சொல்லும் பேசாதீர்கள். அடுத்த முறை அந்தக் கட்டத்தை நிரப்பும் துணிவு அவளுக்கு வரும்.