வில்லிபுத்தூர் வீதிகளில் விருந்தினரோடு

மதுரையிலிருந்து மோட்டாரில் வந்து, கோபுர வாசலில் இறங்கி, ஆண்டாளைத் தரிசித்து, அருகிலுள்ள கடையில் ஒரு கிலோ பால்கோவாவைக் கட்டி வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குற்றாலத்துக்கோ சங்கரன்கோயிலுக்கோ புறப்பட்டுவிடுகிற யாத்ரிகர்கள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்கள் என்று சொல்லலாமே ஒழிய, ஸ்ரீவில்லிபுத்தூரைக் கண்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளியூர் நண்பர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் இவ்வூர்த் தெருக்களில் கால்நடையாக அழைத்துச் செல்லும் வழக்கத்தை நான் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கிறேன். அப்படி நடந்தும், நடத்தியும், நின்றும், பேசியும் நான் அறிந்துகொண்ட சில விஷயங்கள், இனி இங்கு வருவோருக்கும், அவர்களை அழைத்துவரும் பொறுப்பை ஏற்போருக்கும் பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது நேரம். விருந்தினருக்கு ஓய்வான நேரம் எது என்று கேட்டு, அதற்கு ஏற்ப நடையை அமைப்பவர்களே அதிகம். என் அபிப்பிராயம் அதற்கு நேர் எதிரானது. ஊருக்கென்று ஒரு தினசரிக் கிரமம் உண்டு. நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். மாலை நான்கு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். அடுப்பு எரியும் வேளையில்தான் பால்கோவா கிண்டுவதைக் காண முடியும். ஆலைச் சங்கு ஊதும் வேளையில்தான் அண்டை ஊரான ராஜபாளையத்தின் உண்மையான முகம் தெரியும். இந்தக் கிரமத்துக்கு நாம் இணங்கினால் ஊர் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால், எத்தனை சோம்பலான நண்பராயினும், அவரைக் காலை ஆறரை மணிக்குத் திருமுக்குளத்தின் கரையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவது என் வழக்கம். மார்கழியில் ஆண்டாளின் எண்ணெய்க்காப்பு உற்சவம் நடைபெறுவது இந்தக் குளக்கரையில்தான். வெயில் ஏறுவதற்கு முன், படிக்கட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, மேற்கே தெரியும் மலைத்தொடரையும் வானளாவி நிற்கும் கோபுரத்தையும் ஒருங்கே பார்க்கிறவருக்கு, இவ்வூர் ஏன் இங்கே அமைந்தது என்பதை நான் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே நேர்வதில்லை.

கோயிலுக்குள் செல்லும் வரிசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பலரும் நேரே ஆண்டாள் சந்நிதிக்கு ஓடுகிறார்கள். பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரமோ வடபத்ரசாயி கோயிலுக்கு உரியது. அந்தப் பெருமாளுக்குப் பூமாலை தொடுத்துக் கைங்கரியம் செய்தவர் பெரியாழ்வார். அவருடைய நந்தவனத்தில் துளசிச் செடியின் கீழ்க் கண்டெடுக்கப்பட்ட குழந்தையே கோதை என்னும் ஆண்டாள். ஆதலால் முதலில் வடபத்ரசாயி, பிறகு நந்தவனம், கடைசியாக ஆண்டாள் என்று நடந்தால், கதை நிகழ்ந்த வரிசையிலேயே கால்களும் நடக்கின்றன. குழந்தைகளுக்குக்கூட ஒரு வார்த்தை மறப்பதில்லை. வடபத்ரசாயி சந்நிதிக்கு முன்னுள்ள கோபால விலாசத்தில் மரத்தில் செதுக்கிய மேல்விதானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லிவிட்டு, நான் ஒதுங்கி நின்றுகொள்வேன். அந்த இடத்தில் வழிகாட்டி வாயைத் திறப்பது அநாவசியம். பிறகு கண்ணாடிக் கிணற்றைக் காட்டி, பெருமாளுக்கென்று தொடுத்த மாலையைக் கோதை தான் சூடி அழகு பார்த்தாள் என்னும் ஐதிகத்தைச் சொன்னால், அந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் அழகருக்காக மதுரைக்கும் போகிறது என்ற செய்தி, கேட்பவர் மனத்தில் ஆழமாகப் பதிகிறது.

ஆண்டாளின் இடக்கரத்திலுள்ள கிளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், இந்நடை முழுவதிலும் என் மனத்துக்கு மிகவும் உகந்த விஷயம் அதுவே. இந்தக் கிளி பொன்னாலோ வெள்ளியாலோ ஆனதன்று. தினந்தோறும் புதிதாக இலையாலும் பூவாலும் செய்யப்படுகிறது. மரவள்ளி இலைகளை மடித்து அடுக்கி உடல் அமைக்கிறார்கள். நந்தியாவட்டை இலை சிறகாகிறது. மாதுளம் பூ செந்நிற அலகாகிறது. கண்ணுக்குக் காக்காப்பொன் வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இத்திருப்பணியைச் செய்துவரும் குடும்பத்தாரின் விரல்கள், நாரைச் சுற்றி இறுக்கும்போது இலை கிழியாமலும் தளராமலும் இருக்க வேண்டிய அந்த நூலிழை அளவை, கண்ணால் பாராமலே அறிந்திருக்கின்றன. மணிக்கணக்கான இந்த வேலையின் பயன் ஓர் இரவு மட்டுமே அம்மன் கையில் இருந்து, மறுநாள் யாரோ ஒரு பக்தருக்குப் பிரசாதமாகப் போய்விடுகிறது. அன்றே இன்னொரு கிளி தொடங்கப்படுகிறது. இதைக் கேட்ட பிறகு சந்நிதியில் நிற்பவர், கேளாமல் நின்றவர் பார்ப்பதைவிட அதிகமாகப் பார்க்கிறார் என்பதைப் பன்முறை கவனித்திருக்கிறேன். ஆகவே வழிகாட்டுவோர் கிளியின் கதையைச் சந்நிதிக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வெளியே வந்தபின் சொல்வதில் பலனில்லை.

கோபுரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழக அரசின் முத்திரையில் காணப்படுவது இக்கோபுரமே என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை. அச்சின்னம் உருவான 1949ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா என்பதும் அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டுகிறது. அதனை வரைந்த மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டார் என்று வாதிப்போரும் உளர். இரண்டையும் சொல்லிவிடுங்கள். ஊர்ப்பெருமையைக் காப்பாற்றும் ஆசையில் ஒன்றை மறைக்கும் வழிகாட்டியை, படித்த விருந்தினர் அதன்பின் எந்த விஷயத்திலும் நம்பமாட்டார்.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் திண்ணை வைத்த பழைய வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் மனிதர்கள் வாழ்கிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்து, கோலம் போடுகிற பெண்மணியை அநுமதியின்றிப் படமெடுப்பது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்பதை நடை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் கியோத்தோ நகரின் கியோன் என்னும் பழைய வட்டாரத்தில், கெய்ஷா மாதர்களைப் பின்தொடர்ந்து படமெடுத்த பிரயாணிகளின் தொல்லை தாளாமல், 2024இல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் வெளியார் நுழையலாகாது என்று தடைவிதித்து, மீறுவோருக்குப் பத்தாயிரம் யென் அபராதம் என்றும் பலகை வைத்துவிட்டார்கள். ஆயினும் அதே நகரில், இரவில் வழிகாட்டியோடு குறுகலான சந்துகளில் நடந்து, ஏழெட்டுப் பேர்தான் உட்காரக்கூடிய சிறு மதுக்கடைகளில் புகுந்து, கடைக்காரரோடு பேசியபடி அருந்துவது பிரயாணிகள் பெரிதும் விரும்பும் ஒரு வழக்கம். நம் ஊரில் அந்த ஸ்தானத்தை வகிப்பது பால்கோவாக் கடையும் தேநீர்க் கடையும். அவற்றை அணுகும் முறையில் மட்டும், கியோத்தோவின் அந்த நடைகளிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது: கூட்டமாகப் போய் வாசலை மறிக்காமல், இரண்டிரண்டு பேராக நுழைந்து, முதலில் ஏதேனும் வாங்கிய பிறகே பேச்சைத் தொடங்குவது.

பால்கோவாவை வாங்குவதற்கு முன் அது கிண்டப்படுவதைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கடையின் முன்புறத்தில் கண்ணாடிப் பெட்டியும் தராசும் மட்டுமே தெரியும். பின்கட்டில்தான் விஷயம் இருக்கிறது. அகன்ற இரும்புச் சட்டியில் பசும்பாலை ஊற்றி, விறகும் முந்திரிக்கொட்டை ஓடும் போட்டு எரியும் அடுப்பில் ஏற்றி, சர்க்கரையைச் சேர்த்து, நீண்ட கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டுகிறார்கள். பாலும் சர்க்கரையும் அல்லாமல் மூன்றாவது பொருளுக்கு அங்கே இடமில்லை. முதலில் பொங்குகிறது, பிறகு அடங்கிக் குழைகிறது, அப்புறம் சட்டியின் ஓரங்களில் ஆடை படிய, அதைச் சுரண்டிச் சுரண்டி நடுவே தள்ளுகிறார்கள், கடைசியில் நிறம் வெண்மையிலிருந்து இளமஞ்சளுக்குத் திரும்பும் அந்தச் சில நிமிஷங்களில் கை ஓய்வதே இல்லை. அடுப்படியில் நின்ற பெரியவர் ஒருவரிடம், சற்று நிறுத்தி இளைப்பாறலாகாதா என்று நான் கேட்டபோது, அவர் நிமிர்ந்தும் பாராமல், “கையை எடுத்தா அடிப்பிடிச்சிரும், அண்ணாச்சி. அப்புறம் நீங்களும் வாங்க மாட்டீங்க, நானும் விக்க மாட்டேன்” என்றார். அவர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எந்த வழிகாட்டியின் வாயிலும் வராது. ஆகையால் நான் அங்கே பேசுவதை நிறுத்தி, வேலை செய்பவர் பேசுவதற்கு இடம் விட்டுவிடுகிறேன். கடையில் கூட்டம் குறைந்திருக்கும் வேளை பார்த்துப் போவதும், விடைபெறும்போது அவருடைய நேரத்துக்கு உரிய மரியாதையைப் பணமாகவோ, தாராளமான கொள்முதலாகவோ காட்டுவதும் விருந்தினரின் கடமை.

2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும், அதற்கு முன்பும், பேருந்து நிலையங்களில் இவ்வூர்ப் பெயரைத் தாங்கி விற்கப்படும் சரக்கு அனந்தம். வேறுபாட்டை அறிய விரும்புவோர், அடுப்பிலிருந்து இறக்கி ஆறியதும் ஐம்பது கிராம் வாங்கி, அங்கேயே நின்று, வாயில் வைத்துக் கரையவிட்டுப் பார்க்கட்டும். மணல்மணலான அந்த மென்மையும் பாலின் மணமும் ஒருமுறை நாவில் பதிந்துவிட்டால் பிறகு எவரும் ஏமாற்ற முடியாது. ஒரே கடையில் கிலோக்கணக்கில் வாங்குவதைவிட, கூட்டுறவுப் பால் சங்கக் கடை உள்பட இரண்டு மூன்று இடங்களில் சிறிது சிறிதாக வாங்கி ஒப்பிடுவது உத்தமம். நெடுநாள் வைத்திருக்கும் பண்டமன்று இது. வீட்டுக்குப் போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டு வாங்க வேண்டும்.

பென்னிங்டன் நூலகத்துக்கு விருந்தினரை அழைத்துச் செல்ல நான் ஒருபோதும் தவறுவதில்லை. இவ்வட்டாரம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், அங்கே கலெக்டராக இருந்தவரின் பெயரால் 1875இல் நிறுவப்பட்ட இந்நூலகம், ஒன்றரை நூற்றாண்டாக இச்சிறு நகரத்தார்க்குப் புஸ்தகம் கொடுத்து வருகிறது. கோயிலும் தின்பண்டமும் மட்டுமே இவ்வூர் என்று எண்ணிக்கொண்டு வந்தவர்களின் முகம் இங்கே மாறுவதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன்.

வெயில் நேரத்தில் நடப்பது வேண்டாம். சாப்பிட்டு, இளைப்பாறி, மூன்றரை மணி வாக்கில் பஸ் ஏறினால், பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ராஜபாளையம் வந்துவிடும். இவ்வூரில் கண்ணைப் பறிக்கும் கோபுரம் கிடையாது. ஆதலால் வழிகாட்டியின் பொறுப்பு இங்கே அதிகம். சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்று தெருக்களே கோட்டைப் பெயர் தாங்கி நிற்கும் இவ்வூரில், தெலுங்கு பேசும் ராஜுக்கள் ஆந்திர தேசத்திலிருந்து வந்து குடியேறிய சரித்திரத்தைத் தெருப்பெயர்களைக் கொண்டே சொல்லிவிடலாம். குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே கலைகளுக்கென்று தானமாக அளித்த காந்தி கலை மன்றத்தின் முன் நின்று, முதன்மந்திரி பதவியும் ஒரிஸ்ஸாவின் கவர்னர் பதவியும் வகித்த ஒருவர் தம் ஊருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார் என்ற செய்தியைச் சொல்லும்போது, இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்; ஆனாலும் சொல்ல வேண்டும். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தோற்றுவித்த ராஜபாளையம் மில்லும், அதைத் தொடர்ந்து எழுந்த ஆலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பாண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளும் இவ்வூர் வட்டாரத்தின் வயிற்றுக்குச் சோறு போடுபவை. வேலைநேரம் மாறும்போது சங்கு ஊத, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தெரு நிறைய ஜனங்கள் வெளிவருவதைத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது, இந்த நடையின் கடைசிப் பகுதியாக இருக்கத் தகுந்தது. கோடையில் வந்தவர்கள் சப்பட்டை மாம்பழத்தை விட்டுவிடக் கூடாது. 2005இல் தபால்தலையில் இடம்பெற்ற வெண்ணிற ராஜபாளையம் நாயைக் காட்டச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். வளர்ப்பவரின் அநுமதி பெற்று, தூர நின்று பார்ப்பதே நல்லது. அது அந்நியரோடு எளிதில் பழகும் பிராணியன்று.

இனி ஒரு வேண்டுகோள். ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது லக்ஷக்கணக்கான ஜனங்கள் கூடும் இவ்வூரில், மற்ற நாட்களில் தெருக்களைக் காட்டிச் சொல்வதற்கு முறையாகப் பயின்ற உள்ளூர் இளைஞர்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும். இரண்டு நகராட்சிகளும் இங்குள்ள கல்லூரிகளும் சேர்ந்து, சரித்திரம் படிக்கும் மாணவர்களுக்கு இதை விடுமுறைக்காலப் பயிற்சியாக அளிக்கலாம். நடைக்கு ஒரு நியாயமான கட்டணத்தை விதித்து, அதில் ஒரு பங்கை அடுப்படியில் நிற்பவருக்கும் சேர்ப்பிக்கலாம். அதுவரை, வெளியூரிலிருந்து வருகிற அன்பர்கள் தங்கள் காரை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு, இவ்வூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கால்நடையாகவே உள்ளே வாருங்கள்.