விபூதி வைத்த பிள்ளைக்கு மிஷன் பள்ளியில் இடம்

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். பக்கத்தில் இருக்கும் அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்க ஆசை. நாங்கள் இந்துக்கள். இடம் தருவார்களா? ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்துவார்களா?
– ஒரு தாய், சிம்மக்கல், மதுரை

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. ஞானஸ்நானச் சான்றிதழ் யாரும் கேட்கப்போவதில்லை; மாற்றுச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்! மதுரையின் மிஷன் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்து வந்திருக்கிறார்கள்.

அரசு நிதி பெறும் பள்ளி, மதத்தை மட்டும் காரணம் காட்டி இடம் மறுக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 29(2). பெற்றோர் சம்மதமின்றி வழிபாட்டிலோ மறைக்கல்வியிலோ பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28(3). பல பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். விபூதி, கயிறு அணிந்து வரலாமா என்ற சந்தேகம் இருந்தால், பிள்ளையைச் சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

சிறுபான்மைப் பள்ளி தன் சமூகப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம். ஆகவே விண்ணப்பம் கொடுக்கும் முதல் நாளே போய்விடுங்கள். மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் கையில் இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டை நம்ப வேண்டாம். 2014-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது.

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தால், கல்லூரியில் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.